மடிக்கணினி விசிறியை அடக்குதல்

மடிக்கணினியின் விசிறி இரைகிறது என்று முறையிடுபவருக்குப் பெரும்பாலும் இரண்டு அறிவுரைகளே கிடைக்கின்றன: தூசியைத் துடையுங்கள், இல்லாவிட்டால் விசிறியை மாற்றுங்கள். இரண்டிலும் தவறில்லை. ஆனால் கருவிகளைத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ளவர்களின் மனம் இவற்றோடு அடங்குவதில்லை. விசிறிக்குச் செல்லும் கம்பியில் எதையாவது பொருத்தி அதன் வேகத்தைக் குறைத்துவிட்டால் என்ன என்றே அது முதலில் கணக்குப் போடும். நானும் அந்த வகையைச் சேர்ந்தவன். என்னிடமிருந்த பழைய மடிக்கணினியில் அப்படித்தான் கம்பியில் கைவைத்தேன். அதன்பின் வந்த கணினியில் விசிறியின் கம்பியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கைவைத்தேன். இரண்டாவது வழியே கூடுதல் அமைதியைத் தந்தது. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வேகத்தைக் குறைக்கும் ஆசைக்குப் பின்னால் வலுவான இயற்பியல் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே விசிறி வேறுவேறு வேகங்களில் சுழலும்போது அது தள்ளும் காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், அது உண்டாக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடியிலும், அதற்குத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியிலும் மாறுகின்றன. இரைச்சலோ இவை எல்லாவற்றையும் விடச் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கின்படி, வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே ஒலி பாதியாகிவிட்டதுபோல் காதுக்குத் தோன்றும் என்பதால், இது சாதாரண ஆதாயம் அன்று. நிமிடத்துக்கு 4500 சுற்று சுழலும் விசிறியை 3600 சுற்றுக்கு இறக்கினால் காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. இரைச்சலிலோ கிட்டத்தட்ட 5 டெசிபெல் போய்விடுகிறது. கொடுப்பது கொஞ்சம், கிடைப்பது அதிகம் என்ற இந்தக் கணக்கே கையில் சால்டரிங் இரும்பை எடுக்க வைக்கிறது.

பழைய கணினியின் விசிறிக்கு மூன்று கம்பிகள் இருந்தன. ஒன்று 5 வோல்ட் நேர்மின் கம்பி, மற்றொன்று தரைக்கம்பி, மூன்றாவது வேகத்தை அறிவிக்கும் கம்பி. இந்த மூன்றாவது கம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்புகளை அனுப்ப, அவற்றை எண்ணியே விசிறி சுழல்கிறதா, எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதைத் தாய்ப்பலகை தெரிந்துகொள்கிறது. நேர்மின் கம்பியை வெட்டி இடையில் ஒரு மின்தடையைப் பொருத்துவதுதான் பலரும் சொல்லும் வழி. எனக்கு அது பிடிக்கவில்லை. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் கூடக் கூட மின்தடை விழுங்கும் மின்னழுத்தமும் கூடும். ஆகவே, விசிறிக்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும் அதே நொடியில் அதற்குக் குறைவாகக் கிடைக்கும். விசிறி கிளம்பாமல் உதறிக்கொண்டே நிற்பதற்கு இதுவே காரணம். வெப்பமும் ஒரு சிக்கல்: 0.4 ஆம்பியர் ஓடும் கம்பியில் 4 ஓம் மின்தடையை வைத்தால் அது 0.64 வாட் வெப்பத்தை உமிழும் என்பதால், சாதாரணக் கால் வாட் மின்தடை கருகிவிடும்.

சிலிக்கான் டையோடு இந்த வகையில் நாணயமானது. மின்னோட்டம் எவ்வளவு ஓடினாலும் அது ஏறத்தாழ 0.7 வோல்ட்டையே விழுங்கும். இரண்டு டையோடுகளைத் தொடராக இணைத்தால் 5 வோல்ட் 3.6 வோல்ட்டாக இறங்கும். அவற்றை நேர்மின் கம்பியிலேயே இணைக்க வேண்டும்; தரைக்கம்பியில் இணைத்தால் வேகத்தை அறிவிக்கும் துடிப்புகளுக்கான அடிமட்டமும் சேர்ந்து உயர்ந்துவிடும். அப்படிச் செய்தபின் அந்தக் கணினி காதுக்கே வேறுபாடு தெரியும் அளவுக்கு அமைதியானது. நேர்மையாகச் சொன்னால், அது ஒரு முரட்டு வைத்தியம். வீண் இரைச்சல் மட்டுமே எழும் வேளையிலும் வேகம் குறைந்தது. முழுக் காற்று தேவைப்பட்ட வேளையிலும் குறைந்தது. எந்த வேளை எது என்பதை டையோடு அறியாது.

புதிய கணினியில் நான்காவது கம்பி ஒன்று இருந்தது. இத்தகைய விசிறிகளில் மின்னழுத்தம் மாறாமலே இருக்கும். நான்காவது கம்பி வழியாக வரும் துடிப்பகலப் பண்பேற்றமே, அதாவது துடிப்புகளின் அகலத்தால் வேகத்தைச் சொல்லும் பி.டபிள்யூ.எம். சைகையே, வேகத்தைத் தீர்மானிக்கும். மேசைக் கணினிகளின் நான்கு கம்பி விசிறிகளுக்கான இன்டெல் விதிமுறை இந்தச் சைகைக்கு 25 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பரிந்துரைக்கிறது. மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அதன் ரீங்காரம் நமக்குக் கேட்காது. இங்கே டையோடு ஏன் பயன்படாது என்பது கொஞ்சம் சுவையான கதை. பல மடிக்கணினிகளில் தாய்ப்பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு விசிறிக்குச் சைகையை அனுப்புவதோடு நிற்பதில்லை. துடிப்புகளை எண்ணிப் பார்த்து, தான் கேட்ட வேகம் வந்துவிட்டதா என்று சரிபார்க்கிறது. வரவில்லையென்றால் சைகையைக் கூட்டுகிறது. நாம் கம்பியில் எதைப் பொருத்தி வேகத்தை இறக்கினாலும் சில்லு அதை மறுபடி ஏற்றிவிடும். இழுபறியில் நமக்கு மிஞ்சுவதெல்லாம் உச்ச வேகத்தின் இழப்பு மட்டுமே, அதாவது உண்மையான ஆபத்து வேளைக்காக ஒதுக்கப்பட்ட காற்றின் இழப்பு. சில கணினிகள் எதிர்பார்த்த துடிப்புகள் வராவிட்டால் விசிறிப் பிழை என்று திரையில் எழுதிவிட்டு இயங்கவே மறுக்கும்; திங்க்பேட் வகை மடிக்கணினி வைத்திருந்தவர்களில் பலர் அந்த வாசகத்தைக் கண்டிருப்பார்கள்.

ஆகவே கம்பியை விட்டுவிட்டு, ஒலியைக் கவனிக்கத் தொடங்கினேன். விசிறியின் இரைச்சல் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடுவது உண்மையில் மூன்று வேறுபட்ட ஒலிகளின் கலவை. ஒன்று, காற்று குறுகலான வழிகளில் நெருக்கியடித்துச் செல்வதால் எழும் சீறல். இரண்டாவது, விசிறியின் இதழ்கள் கூட்டின் நாக்கு எனப்படும் முனையை ஒவ்வொன்றாகக் கடக்கும்போது எழும் ஒற்றைச் சுருதி. மூன்றாவது, அச்சைச் சுழல விடும் தாங்கி (பேரிங்) தேய்ந்தோ உலர்ந்தோ போவதால் எழும் உரசலும் கடகடப்பும். மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. இவற்றோடு விசிறிக்குச் சம்பந்தமே இல்லாத நான்காவது ஒலியும் உண்டு: மின்வழங்கல் பகுதியின் சுருள்கள் அதிர்வதால் எழும் கீச்சொலி. விசிறியை மென்பொருள் வழியே சில நொடிகள் நிறுத்திப் பார்த்தால் அது தனித்துக் கேட்கும். அந்த ஒலியைக் குறைக்க விசிறியைப் பிரிப்பவர்கள் வீணாகத் திருகுகளைத் தொலைக்கிறார்கள்.

ஒற்றைச் சுருதியைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று போதும். இதழ்களின் எண்ணிக்கையை ஒரு நொடிக்கான சுற்றுகளால் பெருக்கினால் அந்தச் சுருதியின் அதிர்வெண் கிடைக்கும். என் விசிறியில் 37 இதழ்கள். நிமிடத்துக்கு 4200 சுற்று என்றால் நொடிக்கு 70 சுற்று. பெருக்கினால் 2590 ஹெர்ட்ஸ். கைப்பேசியில் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து நிறமாலையாகக் காட்டும் ஆப் ஒன்றைத் திறந்து விசிறியருகே வைத்தபோது, சரியாக அந்த இடத்தில் ஒரு கோடு நிமிர்ந்து நின்றது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் என்பதை நினைத்தால், மடிக்கணினி விசிறிகள் ஏன் அவற்றின் உண்மையான ஒலியளவுக்கு மீறி எரிச்சலூட்டுகின்றன என்பது விளங்கும். 2012-இல் வெளிவந்த ரெட்டினா திரை மேக்புக் ப்ரோவில் ஆப்பிள் நிறுவனம் இதழ்களைச் சமமற்ற இடைவெளிகளில் அமைத்தது இந்தக் காரணத்துக்காகத்தான்: மொத்த ஒலி பெரிதாகக் குறையாது, ஆனால் ஒரே சுருதியில் குவிந்திருந்த ஆற்றல் பல அதிர்வெண்களில் சிதறிவிடும், காது அதைச் சாதாரணக் காற்றோசையாக எடுத்துக்கொள்ளும். இதைப் படித்துவிட்டு இதழ்களைக் கத்தரித்துப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் சக்கரத்தில் ஓர் இதழின் நுனி குறைந்தாலும் சமநிலை குலைந்து, தாங்கி சில வாரங்களில் ஆட்டம் காணும்.

தாங்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உரசல் ஒலி கேட்டால், விசிறிச் சக்கரத்தை மெல்லக் கழற்றி, அச்சில் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயை ஒரு துளி மட்டும் விடலாம். பல மடிக்கணினி விசிறிகளில் சக்கரம் காந்த ஈர்ப்பினாலேயே நிற்பதால் இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் வற்புறுத்தக் கூடாது. துருவை இளக்கும் தெளிப்பான்கள் இதற்கு உதவாது. அவை இருந்த எண்ணெயையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும். தாங்கி உண்மையாகவே தேய்ந்திருந்தால் எண்ணெய் சில நாள் ஆறுதலே தரும், அதே பாக எண் கொண்ட புதிய விசிறிதான் தீர்வு.

எனக்கு அதிகப் பலன் தந்தது காற்றின் வழி. பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, செப்பு அல்லது அலுமினியத் தகடுகளின் நெருக்கமான வரிசை வழியே பின்னாலோ பக்கவாட்டிலோ தள்ளுகின்றன. தூசி இந்தத் தகடுகளின் உட்புற முகப்பில், விசிறியை நோக்கிய பக்கத்தில், கம்பளித் துண்டுபோலப் படிகிறது. வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் பளபளவென்று சுத்தமாகவே தெரியும். விசிறியின் மூடியைக் கழற்றினால்தான் அந்தப் படலம் கண்ணில் படும். வெளியிலிருந்து அழுத்தக் காற்றை அடிப்பது அந்தப் படலத்தைப் பெயர்த்து விசிறிக்குள்ளேயே தள்ளிவிடும். அடிக்கும் காற்றில் விசிறி தறிகெட்டுச் சுழன்று தாங்கி கெடவும் வாய்ப்புண்டு. எதைச் செய்தாலும் சக்கரத்தை ஒரு குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டும்.

தூசியை நீக்கியபின் கண்ணில் பட்டது ஒரு சந்து. விசிறிக் கூட்டின் வாய்க்கும் தகடுகளுக்கும் இடையே மேலும் கீழும் மெல்லிய இடைவெளி இருந்தது. காற்று எளிய வழியைத்தான் தேடும் என்பதால், தகடுகளின் நெருக்கத்தில் நுழைய வேண்டிய காற்றில் ஒரு பகுதி இந்தச் சந்து வழியே கணினியின் வயிற்றுக்குள் திரும்பி, மறுபடி விசிறியால் இழுக்கப்பட்டு, சூடாகவே சுற்றிக்கொண்டிருந்தது. வெப்பத்தைத் தாங்கும் பாலிமைடு நாடாவால் அதை மூடினேன். அடிமூடியில் விசிறிக்கு எதிரே இருந்த துளைகளில் ஒரு பகுதி வெறும் அலங்காரம், உட்புறம் அடைக்கப்பட்டிருந்தது. இது நான் பார்த்த பல கணினிகளில் உள்ள பழக்கம். வடிவமைப்பாளருக்கும் வெப்பப் பொறியாளருக்கும் நடந்த சண்டையில் யார் வென்றார் என்பதற்கான சாட்சி. மூடியைத் தனியே கழற்றி எடுத்து, அடைபட்ட துளைகளைத் திறந்து, உட்புறம் மெல்லிய நைலான் வலையை ஒட்டினேன். மூடி கணினியோடு இருக்கும்போது துளையிடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. உலோகத் தூள் ஒன்று தாய்ப்பலகையில் விழுந்தால் இந்தக் கட்டுரைக்கே பொருளிருக்காது. எல்லாத் துளைகளையும் திறந்துவிடுவதும் நல்லதன்று. சில அடைப்புகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. காற்று வேறு பக்கத்திலிருந்து நுழைந்து, மின்வழங்கல் பகுதியையும் திடநிலை வட்டையும் தடவிக்கொண்டு விசிறியை அடையட்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஆகவே விசிறியின் கண்ணுக்கு நேர் எதிரே உள்ளவற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இவற்றை விடவும் எளிய ஒன்று, கணினியின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைப்பது. அடியில் இருக்கும் ரப்பர்க் கால்கள் மேசைக்கும் மூடிக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளியையே தருகின்றன. அந்தக் குறுகலில் காற்று நுழையும்போதே பாதிச் சீறல் பிறந்துவிடுகிறது. கால் ஒன்று உதிர்ந்துபோன கணினியில் இன்னொரு தொல்லை: விசிறியின் அதிர்வு நேராக மேசைக்கு இறங்கி, பலகை முழுதும் ஒலிபெருக்கியாகிவிடும். புதிய ரப்பர்க் காலை ஒட்டுவதை விட மலிவான திருத்தம் வேறில்லை.

காற்றை எளிதாக்கிய பின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். செயலிக்கும் (பிராசசருக்கும்) அதன்மேல் அமர்ந்த செப்புத் தகட்டுக்கும் இடையே உள்ள, வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காலப்போக்கில் உலர்ந்தும் ஓரங்களுக்குப் பிதுங்கியும் போகிறது. அது விட்டுச்செல்லும் இடத்தைக் காற்று நிரப்புகிறது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட் மட்டுமே, செம்பினுடையது சுமார் 400. இந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரமே பேஸ்ட்டைப் புதுப்பிப்பதற்கான முழு நியாயம். கழற்றும்போது, இந்தத் தகட்டிலிருந்து விசிறியருகே உள்ள தகடுகளுக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்லும் வெப்பக் குழாயை வளைத்துவிடக் கூடாது; அதன் உள்ளே இருக்கும் நுண்துளைச் சுவர் மடிந்துவிட்டால், தகட்டுக்குத் திரவம் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும்.

வெப்பத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது இன்னும் நல்லது. செயலி செலவிடும் மின்திறன் அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியிலும் மாறுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட் வேண்டும் செயலிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 0.9 வோல்ட் போதுமென்றால், வேகம் ஐந்தில் மூன்று பங்காக இறங்கும்போது மின்திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. விண்டோஸின் மின் அமைப்புகளில் செயலியின் அதிகபட்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99-க்கு மாற்றினால், பெரும்பாலான இன்டெல் செயலிகளில் டர்போ, அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டித் தற்காலிகமாகப் பாயும் வசதி, நின்றுவிடும். ஒரே ஒரு எண்ணின் மாற்றம். எழுதுவது, படிப்பது, படம் பார்ப்பது போன்ற வேலைகளில் வேறுபாடே தெரியாது. வேகத்தை விட்டுக்கொடுக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் குறைக்கும் வழி முன்பு பரவலாக இருந்தது. 2019 டிசம்பரில், இதே வழியைப் பயன்படுத்தித் தாக்க இடம்தரும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், பல கணினிகளில் பயாஸ் எனும் அடிப்படை மென்பொருளின் மேம்படுத்தல்கள் அந்தக் கதவைப் பூட்டிவிட்டன.

இனி, நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதும் ஒன்று. மாறாத ஒலிக்குக் காது பழகிவிடுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் ஒலிக்கு அது பழகுவதே இல்லை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரே சீராக ஓடும் விசிறியை நான் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறேன். 2500-க்கும் 4000-க்கும் இடையே ஏறி இறங்கும் விசிறியோ நாள் முழுதும் என் கவனத்தைப் பறிக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம், கட்டுப்பாட்டுச் சில்லு செயலியின் நொடி நேர வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுப்பது. ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது டர்போவில் பாயும் செயலியின் வெப்பநிலை, செயலிச் சில்லுக்கு நிறை மிகக் குறைவு என்பதால், ஒரு நொடிக்குள் 20 டிகிரி ஏறும். வேலை முடிந்ததும் அதே விரைவில் இறங்கும். அந்தச் சிறு வெடிப்பின் வெப்பத்தைச் செப்புத் தகடும் வெப்பக் குழாயும் அமைதியாக உள்வாங்கிவிடுகின்றன. தகடுகளின் வெப்பநிலை உயரவே பல நொடிகள் ஆகும். விசிறி விரைந்து காற்றடிக்கும்போது அது தணிக்க வேண்டிய வெப்பம் ஏற்கெனவே கடந்து போயிருக்கும். சுருக்கமான பாய்ச்சல்களுக்கு விசிறி காட்டும் பதற்றத்தால் செயலிக்கு ஒரு பயனும் இல்லை.

எனவே திருத்தம் விசிறியின் வேகத்தில் அல்லாமல், அது முடிவெடுக்கும் விதத்தில் செய்யப்பட வேண்டும். லினக்ஸில் திங்க்ஃபேன், விண்டோஸில் நோட்புக் ஃபேன்கண்ட்ரோல், மேக் கணினிகளுக்கு மேக்ஸ் ஃபேன் கண்ட்ரோல் போன்ற நிரல்கள் இதற்கு உதவுகின்றன. எல்லா மாடல்களுக்கும் அவை பொருந்துவதில்லை. கட்டுப்பாட்டுச் சில்லின் எந்த இடத்தில் எந்த எண் இருக்கிறது என்பது ஒவ்வொரு மாடலிலும் மாறும், பொருந்தாத மாடலின் அமைப்புக் கோப்பை ஏற்றுவது குருட்டடி. பொருந்தும் கணினியில், ஒவ்வொரு வேகப் படிக்கும் ஏறும் வெப்பநிலை ஒன்றும் இறங்கும் வெப்பநிலை ஒன்றும் தனித்தனியே கொடுக்கலாம். என் கணினியில் இரண்டாம் படிக்கு 66 டிகிரியில் ஏறி 56 டிகிரியில் இறங்குமாறு வைத்தேன். இந்த 10 டிகிரி அகலம்தான் விசிறியின் ஊசலாட்டத்தை நிறுத்தியது. முன்பு அகலத்தைக் கூட்டாமல் இரண்டு வெப்பநிலைகளையும் சேர்த்து 10 டிகிரி உயர்த்திப் பார்த்தபோது ஊசலாட்டம் அப்படியே 10 டிகிரி மேலே குடியேறியது, அவ்வளவுதான். அடிப்படியில் விசிறியை முழுதாக நிறுத்தவும் இல்லை. மெதுவாக எப்போதும் சுழலும் விசிறியின் ஒலி கேட்பதே இல்லை. நின்று கிளம்பும் விசிறியின் முதல் முனகல் ஒவ்வொரு முறையும் கேட்கும்.

மேல் எல்லையில் தாராளம் காட்டக் கூடாது. மடிக்கணினிகளுக்கான இன்டெல் செயலிகள் பலவும் 100 டிகிரியில்தான் தம்மைத் தாமே வேகம் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் அதே காற்றை நம்பியிருக்கும் மின்வழங்கல் பகுதிக்கும் வட்டுக்கும் மின்கலத்துக்கும் அந்த எல்லை பொருந்தாது. மின்கலம் வெப்பத்தில் விரைவாக மூப்படையும். 80 டிகிரிக்கு மேல் விசிறி அதன் விருப்பப்படி ஓடட்டும் என்று தானியங்கி நிலையிலேயே விட்டிருக்கிறேன். காணொளி ஒன்றை மாற்றியமைக்கும்போது அது அலறத்தான் செய்கிறது, அதில் எனக்குக் குறையில்லை.

கடைசியாக ஒரு முன்னெச்சரிக்கை. கட்டுப்பாட்டை நம் நிரலிடம் ஒப்படைத்த பிறகு அந்த நிரல் பாதியில் செயலிழந்தால், விசிறி கடைசியாகச் சொல்லப்பட்ட வேகத்திலேயே உறைந்துவிடலாம். திங்க்பேட்களுக்கான லினக்ஸ் இயக்கியில் இதற்காகவே ஒரு காவல் கடிகாரம் உண்டு. குறித்த நேரத்துக்குள், அதிகபட்சம் 120 நொடிக்குள், புதிய கட்டளை வராவிட்டால் அது விசிறியைத் தானியங்கி நிலைக்குத் திருப்பிவிடும். உங்கள் கணினியில் அப்படி ஏதேனும் இருக்கிறதா என்பதைக் கையேட்டில் படித்து நம்புவதை விட, கணினிக்கு நல்ல சுமையைக் கொடுத்துவிட்டு, வெப்பநிலையைத் திரையில் பார்த்துக்கொண்டே, நிரலை வலிந்து நிறுத்திச் சோதிப்பது மேல். விசிறி தானாக வேகமெடுப்பதைக் கேட்ட பிறகே அந்த நிரலைக் கணினி தொடங்கும்போது தானே இயங்குமாறு அமைத்தேன்.